கர்ப்பத்திலுள்ள பெண் பிள்ளைகளும் நாட்டின் சட்டமும்



நமது மருத்துவமனையின் ஸ்கேன் அறை வாசலில் ஒரு பெரிய பலகை தொங்குகிறது. கர்ப்பத்திலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டோம், அது சட்டப்படி குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது. மருத்துவமனையைப் பார்க்க வந்த சபையார் சிலர், "இதற்கு ஏன் இத்தனை பெரிய பலகை?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறோம்.

எருக்கம்பாலும் நெல்மணியும் பெண் சிசுக்களின் உயிரை வாங்கிய செய்தி, 1980-களில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வெளியே வந்தது. சேலம் பகுதியிலும் அதே கொடுமை இருந்ததால், 1992-ல் தமிழக அரசு அங்கே தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பின்பு ஸ்கேன் கருவி சிற்றூர்கள்வரை வந்தது. தாய்க்கும் சேய்க்கும் உதவ வந்த கருவிதான். ஆனால் பிறந்தபின் செய்ததைப் பிறக்குமுன்னே செய்துவிட அது வழிகாட்டியும் ஆயிற்று.

சட்டம் இல்லாமலில்லை. மகாராஷ்டிர மாநிலம் 1988-ல் முதலாவதாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. பாராளுமன்றம் 1994-ல் நாடு முழுமைக்கும் சட்டம் இயற்றி, அது 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2003-ல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். ஸ்கேன் எடுக்கும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 'படிவம் எஃப்' நிரப்பவேண்டும். குழந்தை என்ன என்று சொல்லும் மருத்துவருக்கு மூன்றாண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. ஆனாலும் 2001 மக்கள்தொகைக் கணக்கில், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் 942 பெண் பிள்ளைகளே இருந்தார்கள். 1991-ல் 948. சேலம், தருமபுரி மாவட்டங்களிலோ 900-க்கும் கீழே.

ஏன் இப்படி? சொல்லுவதற்கு வாய் திறக்க வேண்டியதில்லை, ஒரு சாடை போதும். மேலும் 1971-ம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் கருத்தடை பலனளிக்காமற்போனதையும் ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ளுகிறது. பெண் பிள்ளை என்பதற்காகக் கலைக்கிறவர்கள் அந்தக் காரணத்தையே எழுதிவிடலாம். மெய்யான காரணம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

கருக்கலைப்பையே முற்றிலும் தடைசெய்யும் சட்டம் வேண்டும் என்று நம் சபைகளில் சிலர் கேட்கிறார்கள். அந்தப் பாரம் எங்களுக்கும் உண்டு. தாயின் உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலன்றி நாங்கள் அதைச் செய்வதில்லை. ஆனால் மருத்துவமனை கைவிட்ட தாய் எங்கே போவாள் என்பதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். குச்சியும் நாட்டு மருந்தும் வைத்துக்கொண்ட பின், குளிர்க்காய்ச்சலோடு நள்ளிரவில் இங்கேதான் கொண்டுவருகிறார்கள். இருக்கிற சட்டத்தை ஒழுங்காக நடத்தினாலே எத்தனையோ பிள்ளைகள் பிழைக்கும் என்பது எங்கள் எண்ணம்.

"என்ன பிள்ளைன்னு மட்டும் சொல்லுங்கம்மா, ரெண்டு பொட்டை ஏற்கெனவே இருக்கு" என்று மாமியார்மார் நம் டாக்டரம்மாவிடம் கெஞ்சுவதுண்டு. அந்த அம்மாள்மேல் கோபப்படுவது எளிது. மூன்று பெண்ணுக்கும் நகை, சீர், கல்யாணச் செலவு என்று அவர்கள் மனதுக்குள் ஓடும் கணக்கைச் சட்டம் தொடுவதில்லை. (வரதட்சணை வாங்குவதில் நம் கிறிஸ்தவக் குடும்பங்களும் பின்வாங்குவதில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.) எகிப்தில் பார்வோன் ஆண் பிள்ளைகளைக் கொல்லச் சொன்னபோது சிப்பிராளும் பூவாளும் கீழ்ப்படியவில்லை. இங்கே கட்டளையிடுகிறது ராஜா அல்ல, சொந்த வீடு.

ஆகையால், இரண்டு பெண் பிள்ளைகளுக்குப்பின் மறுபடியும் கர்ப்பமாய் வருகிற தாயோடு நம் செவிலியர் ஒருவர் பிரசவம்வரை தொடர்பில் இருக்கிறார். வீட்டுக்கும் போய்ப் பேசுகிறார். மூன்றாவதும் பெண்ணாய்ப் பிறந்தால் பிரசவச் செலவை வாங்குவதில்லை. பில் இல்லை என்று கேட்டதும் மாமியார் முகம் சற்று இளகுவதைக் கண்டிருக்கிறோம், எப்போதும் அல்ல. இந்தச் செலவு நன்கொடையிலிருந்தே வருகிறது. அனுப்ப ஏவப்படுகிறவர்கள் காணிக்கை உறையின்மேல் 'பிரசவ நிதி' என்று குறிப்பிடுங்கள். அந்தச் செவிலியருக்காகவும் ஜெபியுங்கள். சில வீடுகளில் அவரை வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடுகிறார்கள்.