சிறப்புப் பள்ளியும் நம் பங்குப் பள்ளியும்



மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில், காது கேளாத, பேச்சு திக்கும் ஒருவரை ஆண்டவரிடம் கூட்டி வருகிறார்கள். ஆண்டவர் அவரைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துச் செல்கிறார். காதுகளில் விரல் வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். பிறகுதான் வாய் திறந்து பேசுகிறார். காது கேளாதவருக்குப் புரியும்படி முதலில் எல்லாவற்றையும் சைகையாலேயே செய்தார் என்று குருமடத்தில் பேராசிரியர் விளக்கியபோது வியந்தோம். வியந்ததோடு சரி.

பல ஆண்டுகள் கழித்து, புதுநன்மை வகுப்புக்குப் பெயர் பதியும் ஒரு ஞாயிறன்று, ஒரு தாய் தம் மகனோடு வந்தார். பையனுக்கு எட்டு வயது. பேச்சு வரவில்லை. ஓரிடத்தில் உட்கார மாட்டான். பக்கத்துப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளவில்லை என்றார். "இவனுக்குச் சிறப்புப் பள்ளிதானம்மா நல்லது" என்றோம். அக்கறையோடுதான் சொன்னோம். அவர், "எந்தப் பள்ளி ஃபாதர்? எங்க இருக்கு?" என்று கேட்டார். நமக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போய் அறிந்தவற்றையே இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

பிரான்சு நாட்டின் ஒரே பங்கில் பணியாற்றிய ஒரு குரு இந்த வரலாற்றில் முக்கியமானவர். அவர் பெயர் கபிரியேல் தேஷாய். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அவரால் வளர்ந்த புனித கபிரியேல் மொன்போர்ட் சகோதரர்கள்தாம் இன்று நம் அடையாற்றில் உள்ள புனித லூயிஸ் பள்ளியைக் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் நடத்திவருகிறார்கள். பம்பாயில் 1880களில் காது கேளாதோர் பள்ளிக்கு வழிகோலியவர் இயேசு சபையைச் சேர்ந்த ஆயர் லியோ மொய்ரின். அதே நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் ஆங்கிலிக்கன் சபையின் அன்னி ஆஸ்க்வித் பார்வையற்றோருக்கும், புளோரன்ஸ் சுவெய்ன்சன் காது கேளாதோருக்கும் பள்ளி தொடங்கினார்கள்.

கவனியுங்கள், இவையெல்லாம் பார்வை, செவித்திறன் இழந்த பிள்ளைகளுக்கானவை. அறிவு வளர்ச்சிக் குறைபாடும் மூளை முடக்குவாதமும் உள்ள பிள்ளைகள் இன்னும் நெடுங்காலம் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். சென்னையில் அவர்களுக்கான பணி வலுப்பெற்றது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1970களில் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் சென்னையிலேயே உருவாக்கிய ஒரு மதிப்பீட்டு முறை நாடெங்கும் பயன்பட்டது. சாப்பிடுதல், உடுத்துதல், பேசுதல், பணத்தைக் கையாளுதல் போன்ற 18 பகுதிகள், பகுதிக்கு 20 வீதம் 360 செயல்கள். பிள்ளைக்கு என்ன வராது என்று அது கேட்பதில்லை. என்ன செய்கிறான் என்றே கேட்கிறது. அதிலிருந்து அவனுக்கென்று தனியாக ஒரு கல்வித் திட்டம் எழுதுகிறார்கள்.

கற்பிக்கும் விதம் நமக்குப் பெரிய பாடமாக அமைந்தது. சட்டை போடக் கற்றுக்கொடுப்பதென்றால், அந்த வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிக்கிறார்கள். பல நேரங்களில் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார்கள். எல்லாவற்றையும் ஆசிரியரே செய்துவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் பிள்ளைக்கு விடுகிறார். அது வந்ததும் கடைசி இரண்டு பொத்தான்கள். இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் பிள்ளைதான்! தோற்றுப்போனோம் என்ற எண்ணமே அவனுக்கு வருவதில்லை.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். காது கேளாத சிறு குழந்தைகளுக்கு 1969இல் தொடங்கிய பால வித்யாலயா அடையாறு பக்கம். 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகர் கோட்டூர்புரத்தில். 1989இல் பிறந்த மதுரம் நாராயணன் மையம் தியாகராய நகரில். எல்லாம் அருமையான நிறுவனங்கள். ஆனால் பெருங்களத்தூரிலோ கூடுவாஞ்சேரியிலோ இருக்கும் ஒரு குடும்பத்திற்கு? மின்சார ரயிலில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறி, கிண்டியிலோ மாம்பலத்திலோ இறங்கி, பேருந்தோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு வீடு திரும்பவும் முடியாது, மாலைவரை காத்திருக்க வேண்டும். 2005இல் முட்டுக்காட்டில் மத்திய அரசு பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தை அமைத்தபின் தென்புற மக்களுக்குப் பரிசோதனையும் பயிற்சியும் ஓரளவு அருகில் கிடைக்கின்றன. ஆயினும் நாள்தோறும் போய்வரும் பள்ளி என்பது வேறு.

நாம் விசாரித்துச் சொன்ன ஒரு பள்ளிக்கு அந்தத் தாய் மூன்று ஆண்டுகள் மகனைக் கூட்டிப் போனார். பிறகு மாமியார் படுக்கையில் விழுந்தார். பயணம் நின்றது, படிப்பும் நின்றது.

இந்தத் தூரத்தைத்தான் சட்டம் குறைக்க முயல்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதியளித்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் மேலே போய், 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையான பிள்ளை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, தான் விரும்பும் இடத்தில், இலவசமாகப் படிக்கலாம். அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் இப்பிள்ளைகளை வேற்றுமையின்றிச் சேர்க்க வேண்டும். நம் பங்குப் பள்ளிகளும் இதில் அடக்கம். "எங்களிடம் வசதி இல்லை" என்று அனுப்பிவிடுவது இனி இரக்கக் குறைவு மட்டுமல்ல, சட்ட மீறலும்கூட.

சேர்த்துவிட்டால் போதுமா? போதாது. கடைசி பெஞ்சில் உட்கார வைத்து வருகைப் பதிவேட்டில் குறி போடுவது கல்வி ஆகாது. சிறப்பாசிரியர் வேண்டும். தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது. ஒரு பள்ளியால் தனியாக முடியாவிட்டால், பக்கத்துப் பங்குகளின் இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒருவரை அமர்த்தலாமே. பலத்த குறைபாடுள்ள சில பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளியே ஏற்றது என்பதையும் மறுக்கவில்லை. அதைப் பெற்றோர் தேர்ந்தெடுக்க வேண்டும், நாம் தள்ளிவிடக் கூடாது.

மறைக்கல்வியிலும் இதுவேதான். இப்பிள்ளைகளுக்கு இயன்ற அளவு மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை என்று திருச்சபைச் சட்டம் 777 கூறுகிறது. இவர்களுக்கு அருளடையாளங்களை யாரும் மறுக்க முடியாது என்று 2020இல் வெளிவந்த மறைக்கல்வி வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. அந்த முதல் ஞாயிறன்று நாம் 777ஐ அறியாதவர் அல்ல. தேர்வுக்குப் படித்ததுதான்.

அன்பியத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அந்தப் பையனின் வீட்டுக்கே போய்க் கற்பிக்க முன்வந்தார். சிலுவை அடையாளத்தை முதலில் எடுத்துக்கொண்டார். அவன் கையைப் பிடித்து நெற்றி, மார்பு, தோள்கள் என்று கொண்டுபோய், கைகூப்புவதை மட்டும் அவனிடம் விட்டார். முழுவதும் அவனே போட ஏழு மாதமாயிற்று.

வரும் ஜூன் முதல் நம் மறைக்கல்வி வகுப்புகள் மாடியிலிருந்து கீழ்த்தளத்திற்கு மாறுகின்றன. பெயர் பதிவு இரண்டாம் திருப்பலிக்குப் பின். வீட்டை விட்டு வராத பிள்ளைகள் யார் யார் என்று அன்பியப் பொறுப்பாளர்கள் அதற்குள் நமக்குத் தெரிவிக்கவும்.