கடின எஃகில் துளை போடுவது எப்படி?

இரவில் கடையை அடைத்துவிட்டு நிம்மதியாக உறங்க, நல்ல பூட்டு மட்டும் போதாது. பூட்டைத் தாங்கும் கொண்டியும் உறுதியாக இருக்க வேண்டும். சாதாரண இரும்புப் பட்டையில் செய்த கொண்டியை ஆக்ஸா பிளேடு கொண்டு எளிதில் அறுத்துவிடலாம். எனவே பழைய லாரி வில் பட்டையில் ஒரு துண்டு வாங்கி, வார விடுமுறை நாளில் வீட்டிலேயே கொண்டி செய்ய முனைந்தோம்.

முதல் துளை கால் பங்கு இறங்குவதற்குள் மூன்று பிட்டுகள் நுனி நீலம் பாய்ந்து மழுங்கின. கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு குழிதான் மிச்சம். பிறகு லேத் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர் வந்து நம் தவறுகளைச் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னவற்றையும், நாம் செய்து பார்த்து அறிந்தவற்றையும் உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று இங்கே தருகிறோம்.

பதம் ஏறிய எஃகு

கரி கலந்த எஃகைச் செஞ்சூடாக்கி எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று குளிரவைத்தால் அது மிகக் கடினமாகிவிடும். இந்தக் கடினத்தை ‘ராக்வெல் சி’ என்ற அளவால் குறிப்பார்கள். லாரி வில் பட்டை பெரும்பாலும் 40 முதல் 48 வரை இருக்கும். அரம் 60-க்கும் மேல். நாம் வாங்கும் ‘ஹைஸ்பீடு’ பிட் ஏறத்தாழ 62 முதல் 65. ஆகவே வில் பட்டையில் முறையாகச் செய்தால் துளை விழும். அரத்தில் சாதாரண பிட்டால் முடியாது.

கடினத்தை அறிய எளிய வழி உண்டு. நல்ல அரத்தின் முனையால் ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள். அரம் பிடித்துச் சுரண்டினால் பிட் இறங்கும். வழுக்கிக்கொண்டு ஓடினால் சாதாரண பிட்டை அதன் அருகில் கொண்டுபோகாதீர்கள்.

வேகமே முதல் எதிரி

கை டிரில்லிங் மெஷின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கும் மேல் சுற்றும். 6 மி.மீ. பிட்டின் ஓரம் அப்போது நிமிடத்துக்கு 47 மீட்டர் ஓடுகிறது. கடின எஃகுக்கு 8 மீட்டர் போதும். அதாவது ஏறத்தாழ 400 சுற்று. 12 மி.மீ. பிட்டுக்கு 200 சுற்றே போதும். வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அழுத்தாமல் சுற்றவிட்டால் பிட் வெட்டாமல் தேய்க்கும். தேய்த்த இடம் மெருகேறி இன்னும் இறுகும். நமக்கு நேர்ந்தது இதுவே.

கோபால்ட் கலந்த, நுனிக் கோணம் 135 டிகிரி உள்ள பிட் இதற்கு ஏற்றது. சாதாரண பிட்டின் கோணம் 118 டிகிரி. முதலில் 5 மி.மீ. துளை போட்டு, பிறகு பெரிதாக்க வேண்டும். கட்டிங் ஆயில் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெயும் உதவும்.

விடியா பிட்

அரம் போன்ற மிகக் கடினமான பொருளுக்கு, டங்ஸ்டன் கார்பைடு நுனி வேண்டும். 1920-களில் ஜெர்மனியின் குருப் நிறுவனம் ‘வைரம் போன்றது’ என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களைச் சுருக்கி இதற்கு ‘விடியா’ என்று பெயரிட்டது. சுவரில் துளை போடும் பிட்டின் நுனியும் கார்பைடுதான். அதைப் பச்சைக் கல்லிலோ வைரக் கல்லிலோ கூராகச் சாணை பிடித்தால் கடின எஃகிலும் இறங்கும். ஆனால் சுத்தியல் இயக்கம் கூடாது. கார்பைடு நொறுங்கும் தன்மையுடையது. கை ஆடினால் உடையும். ஸ்டாண்டில் பொருத்திய மெஷினே நல்லது. சூடேறிய நுனியைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் விடும்.

பதம் இறக்குதல்

எஃகைச் செஞ்சூடாக்கிச் சாம்பலில் புதைத்து, இரவெல்லாம் மெல்ல ஆறவிட்டால் மென்மையாகிவிடும். துளை எளிதில் விழும். ஆனால் கொண்டியை அப்படியே மாட்டினால், வில் பட்டை வாங்கிய நோக்கமே வீண். துளை போட்ட பின் அனுபவமுள்ள கொல்லரிடம் கொடுத்து மீண்டும் பதம் ஏற்ற வேண்டும். துத்தநாகம் பூசிய பொருளை ஒருபோதும் சூடாக்காதீர்கள். அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

கவனிக்க வேண்டியவை

துண்டைக் கையால் பிடிக்கக் கூடாது, வைஸில் இறுக்குங்கள். பிட் மறுபுறம் வெளிவரும் நேரமே ஆபத்தானது. அப்போது அழுத்தத்தைத் தளர்த்துங்கள். கண்ணாடி அணியுங்கள். கையுறை வேண்டாம், பிட்டில் சிக்கினால் கையையும் இழுத்துவிடும். வேட்டி, துண்டு, தொங்கும் சட்டைக் கை ஆகியவையும் அப்படியே.

நண்பர் நம் பட்டையைத் திருப்பிப் போட்டு, மெருகேறாத மறுபுறத்திலிருந்து ஒரே கோபால்ட் பிட்டால் மூன்று இடங்களிலும் துளை போட்டார். பூட்டு நுழையும் துளையை மட்டும் பிறகு 12 மி.மீ. ஆகப் பெரிதாக்கினார். அந்த ஒரு பிட்டின் விலை, நாம் எரித்த மூன்றின் விலையைவிடக் குறைவு. சரக்கு வாங்கும்போது தரம் பார்க்கும் நாம், கருவி வாங்கும்போதும் பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.