ஆசிரியரை உருவாக்கும் நூலகம்

நம் பங்குகளில் ஆசிரியர் இல்லாத தெரு அரிது. தாய் ஆசிரியை, மகள் ஆசிரியப் பயிற்சி மாணவி, மருமகன் தலைமையாசிரியர் என்று குடும்பம் முழுவதுமே கல்விப் பணிக்குத் தன்னை ஒப்படைத்திருப்பதையும் காண்கிறோம். மகள் பி.எட். வகுப்பில் சேரும் நாளில் பெற்றோர் அடையும் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. கட்டணம் எவ்வளவு, விடுதி எப்படி, பேருந்து எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் கேட்டறிகிறோம். ஆனால், "இங்கே நூலகம் எப்படி?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

நாம் கேட்பதில்லை, எனவே பிள்ளைகளும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. நூலகத்திற்கு இருமுறை மட்டுமே சென்ற மாணவர்கள் உண்டு. உறுப்பினர் அட்டை வாங்குவதற்கு ஒரு முறை. படிப்பு முடிந்தபின், நூல் எதுவும் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற சான்று பெறுவதற்கு மற்றொரு முறை. இடைப்பட்ட காலத்தில் கடையில் வாங்கிய மெல்லிய 'கைடு' ஒன்றே துணை. அதனைக் கொண்டு தேர்வில் வெற்றியும் பெற்றுவிடலாம். அப்படியானால் இழப்பு யாருக்கு?

ஒரு சிறுவனும் ஒரு மாணவியும்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கின, அதில் 20 வாரங்களைப் பள்ளி அனுபவத்திற்கென்றே ஒதுக்கின. அவ்வாறு ஒரு பள்ளிக்குச் செல்லும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன். வாயால் கேட்டால் பளிச்சென்று விடை சொல்கிறான்; புத்தகத்தைக் கையில் கொடுத்தாலோ எழுத்துக் கூட்ட இயலாமல் திணறுகிறான். உடன் பயில்வோர் அவனை 'மக்கு' என்கின்றனர். அவனும் அதனை நம்பத் தொடங்கிவிட்டான்.

அம்மாணவியின் கைடில் கற்றல் குறைபாட்டுக்கு ஐந்து வரி இலக்கணம் உண்டு. அது ஐந்து மதிப்பெண் பெற்றுத் தரும், அச்சிறுவனுக்கு உதவாது. இனி அவள் போக வேண்டிய இடம் நூலகமே.

அங்கே நல்ல நூலகர் உடனே ஒரு நூலை எடுத்து நீட்டிவிட மாட்டார். முதலில் சில வினாக்களைத் தொடுப்பார். சிறுவனின் கண்பார்வை சோதிக்கப்பட்டதா? வீட்டில் வேறு மொழி பேசுகிறார்களா? எந்த வகுப்பு வரையுள்ள பாடத்தை அவனால் படிக்க முடிகிறது? பிறகே வழிகாட்டுவார். பல நூலகங்களில் நூல்கள் டியூயி தசம முறைப்படி அடுக்கப்பட்டுள்ளன. 1876-இல் அமெரிக்கர் மெல்வில் டியூயி வெளியிட்ட இம்முறையில், கல்வித் துறைக்கு உரிய எண் 370. கல்வி உளவியல் 370.15-லும், சிறப்புக் கல்வி 371.9-லும், தொடக்க வகுப்புகளில் வாசிப்புக் கற்பித்தல் 372.4-லும் இருக்கும். ஒரே சிறுவனைப் பற்றிய அறிவு மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது! வழிகாட்டுவார் இல்லையெனில் அம்மாணவி ஓரிடத்தில் மட்டும் தேடி, ஏமாந்து திரும்பியிருப்பாள்.

திருத்தூதர் பணிகள் நூலில், தேரில் அமர்ந்து எசாயாவின் ஏட்டைப் படித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய அலுவலரை நாம் அறிவோம். ஏடு கையில் இருந்தும், விளக்குவார் இல்லாமல் அதன் பொருள் அவருக்கு விளங்கவில்லை. பிலிப்பு தேரில் ஏறி அருகே அமர்ந்த பின்னரே ஒளி பிறந்தது. நூலகர் ஆற்றுவதும் இத்தகையதொரு பணியே.

கணித ஆசிரியர் நூலகரான கதை

நூல்களைக் காப்பவராக இருந்த நூலகரை, வாசகருக்குத் தொண்டு புரிபவராக நம் நாட்டில் மாற்றியவர் நம் தமிழகத்து ஆசிரியர் ஒருவரே. 1892-இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன், சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் எல்.டி. பட்டம் பெற்றுக் கணிதம் கற்பித்து வந்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். நூலகப் பயிற்சி ஏதும் அப்போது அவருக்கு இல்லை. மாணவர் கூட்டத்தில் மகிழ்ந்திருந்தவருக்கு, ஆள் நடமாட்டமற்ற அந்த நூலகத்தின் தனிமை பொறுக்க இயலாததாயிற்று. சில வாரங்களிலேயே, "என்னை மீண்டும் வகுப்பறைக்கே அனுப்புங்கள்" என்று வேண்டி நின்றார்.

பல்கலைக்கழகமோ அவரை இலண்டனுக்கு அனுப்பியது. திரும்பி வந்தபின்னும் விருப்பமில்லையெனில் ஆசிரியப் பணிக்கே செல்லலாம் என்பது உடன்பாடு. அங்கே பொது நூலகங்கள் தொழிலாளர், பெண்கள், சிறுவர் என அனைவருக்கும் தொண்டாற்றுவதை அவர் கண்டார். கடை ஒன்றில், 'மெக்கானோ' என்னும் விளையாட்டுப் பொருளின் ஒரு சில துண்டுகளைக் கொண்டே பற்பல உருவங்களை அமைத்துக் காட்டியதையும் கண்டார். நூல்களைப் பகுக்கும் அவருடைய 'கோலன்' முறைக்கு அதுவே வித்தாயிற்று.

திரும்பி வந்தவர் வகுப்பறைக்குப் போகவில்லை. நூலகத்தையே வகுப்பறை ஆக்கினார். அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். 1931-இல் வெளிவந்த நூலில் ஐந்து விதிகளை வகுத்தார். நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிட்ட வேண்டும். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும். வாசகரின் நேரம் வீணாகலாகாது. நூலகம் உயிருள்ளதுபோல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பனவே அவற்றின் சாரம். அவருடைய கோலன் பகுப்பு 1933-இல் வெளியாயிற்று. அதில் உளவியலுக்கு அடுத்த இடத்திலேயே கல்வியை அவர் வைத்தார். பிள்ளையின் மனத்தை அறிந்தவரே பிள்ளைக்குக் கற்பிக்க இயலும் என்பதை அலமாரிகளின் வரிசையே நமக்கு உணர்த்துகிறதன்றோ!

என்னென்ன கிடைக்கும்?

கல்வியியல் நூலகம் என்றால் பாட நூல்கள் மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. கலைக்களஞ்சியங்களும் அகராதிகளும் அங்கேயே அமர்ந்து பார்ப்பதற்கு உள்ளன. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் கல்விக் குழுவின் அறிக்கை போன்ற ஆவணங்கள் உள்ளன. பள்ளி வகுப்புகளின் பாடப் புத்தகங்களையும் பல நூலகங்கள் சேர்த்து வைக்கின்றன. நம் சிறுவன் எந்த வகுப்பில் தடுக்கி நின்றான் என்பதை அறிய அவையே உதவும். கல்வி இதழ்கள் தனிப் பகுதியில் கிடைக்கும்.

கணிப்பொறி வந்தபின் நூலகத்தின் சுவர்கள் விரிந்துவிட்டன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திரட்டித் தரும் 'சோத்கங்கா', கரக்பூர் ஐ.ஐ.டி. அமைத்த தேசிய மின்னூலகம், அமெரிக்கக் கல்வித் துறையின் 'எரிக்' தொகுப்பு ஆகியவற்றில் இருந்தவாறே கட்டணமின்றித் தேடலாம். சிற்றூர்க் கல்லூரியில் பயிலும் ஏழை மாணவிக்கும் இக்கதவுகள் திறந்தே உள்ளன. ஆனால், எந்தச் சொல்லால் தேடுவது, கிடைத்தவற்றுள் எதை நம்புவது என்பதை அறிய நூலகரின் துணை முன்னிலும் மிகுதியாக வேண்டியிருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் நடைபெறும் நூலக அறிமுக வகுப்பை நம் பிள்ளைகள் தவற விடலாகாது.

கற்பிப்போருக்கும் கடமை உண்டு

இச்செல்வம் மாணவருக்கு மட்டும் உரியதன்று. பேராசிரியர் கேட்கும் நூலைப் பிற நூலகத்திலிருந்து இரவலாகப் பெற்றுத் தருதல், புதிய நூல்களின் பட்டியலை அளித்தல், ஆய்வுக்குரிய நூற்பட்டியலைத் தொகுத்தல் ஆகியனவும் நூலகப் பணிகளே. பேராசிரியர் தாமே அலமாரியருகே நிற்பதைக் காணும் மாணவருக்கு வேறு அறிவுரை தேவையில்லை.

இங்கே மனச்சான்றைத் தொடும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிறர் எழுதியதைத் தம் எழுத்தாகக் காட்டுவதைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதிமுறைகளை வெளியிட்டது. ஆய்வேடுகளைக் கணிப்பொறி வழியே ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியும் பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. ஆயினும், கணிப்பொறி கண்டுபிடிக்கும் என்ற அச்சத்தாலா நாம் நேர்மையாயிருப்பது? களவு செய்யாதிருப்பாயாக என்ற கட்டளை பிறருடைய உழைப்புக்கும் பொருந்தும். எடுத்தாண்ட நூலின் பெயரை முறைப்படி குறிப்பிடுவது எவ்வாறு என்பதையும் நூலகர் கற்றுத் தருவார்.

திருச்சபையின் மரபு

இது நமக்குப் புதியதன்று. தவக்காலத் தொடக்கத்தில் துறவியர் ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் தரப்பட வேண்டும், அதனை அவர் முழுமையாகப் படிக்க வேண்டும் என்று புனித ஆசீர்வாதப்பர் தம் சபை ஒழுங்கில் விதித்தார். ஆசிரியர்களின் பாதுகாவலராக 1950-இல் அறிவிக்கப்பெற்ற புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க நல்ல மனம் மட்டும் போதாது என்பதை உணர்ந்து, 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆசிரியப் பயிற்சிக்கு வழி வகுத்தார். கிறிஸ்தவக் கல்வி பற்றி 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கையும், ஆசிரியர் உலக அறிவிலும் சமய அறிவிலும் மிகுந்த கவனத்துடன் பயிற்றுவிக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்துகிறது.

இல்லத்தில் தொடங்குவோம்

அன்புள்ள பெற்றோரே! விடுமுறைக்கு வரும் மகளிடம் மதிப்பெண்ணை மட்டும் கேளாதீர்கள். "இந்த மாதம் நூலகத்தில் என்ன நூல் எடுத்தாய் அம்மா? அதில் என்ன கண்டாய்?" என்றும் கேளுங்கள். நாம் படிக்காதவர்களாயினும் இவ்வினாவைக் கேட்கலாம். கேட்கக் கேட்க அவள் படிப்பாள். ஏற்கெனவே பணியிலிருக்கும் ஆசிரியப் பெருமக்களே! பட்டம் பெற்ற நாளோடு படிப்பை மூடி வைத்துவிடாமல், அருகிலுள்ள நூலகத்தில் உறுப்பினராகுங்கள்.

அந்த ஆறாம் வகுப்புச் சிறுவன் நம் பங்கின் ஏதோ ஒரு வீட்டில் இருக்கக்கூடும். தன் ஆசிரியை எந்த நூலைப் படித்தார் என்பது அவனுக்கு என்றுமே தெரியாது. ஆனால், தன்னை ஒருவர் 'மக்கு' என்று தள்ளிவிடாமல், பொறுமையோடு எழுத்துக் கூட்டக் கற்றுத் தந்தார் என்பதை அவன் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருப்பான்.

விண்ணரசைப் பற்றிக் கற்றுத் தேர்ந்த மறைநூல் அறிஞரை, தம் கருவூலத்திலிருந்து புதியவற்றையும் பழையவற்றையும் எடுத்துத் தரும் வீட்டுத் தலைவருக்கு ஆண்டவர் இயேசு ஒப்பிட்டார். நம் பிள்ளைகளும் அத்தகைய ஆசிரியர்களாகத் திகழட்டும். கருவூலம் நூலகத்தில் காத்திருக்கிறது. சென்று கதவைத் தட்டுவோம்.