ஓடிப் பார்ப்போம் – 9: பன்னிரண்டு நாள் புகை

2023 மார்ச் 2ஆம் தேதி பிற்பகல் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. கொச்சி மாநகரின் குப்பை ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடந்த இடம் அது. பெரும்பகுதி பிளாஸ்டிக். மேலே தண்ணீர் அடித்தால் அடியில் கனன்றது. ஹெலிகாப்டரிலிருந்து தண்ணீர் கொட்டினார்கள். கடைசியில் ஹிட்டாச்சிகளை இறக்கிக் குப்பையைக் கிளறிக் கிளறி நனைத்துத்தான் 13ஆம் தேதி அணைத்து முடித்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் போட்டது அதற்குப் பிறகான கதை.

பிரம்மபுரத்துக்குப் பக்கத்து ஊர் காக்கநாடு. அந்தப் பன்னிரண்டு நாளும் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். கொரோனா முடிந்ததென்று தூக்கிப் போட்ட முகக்கவசங்களை மறுபடி தேடி எடுத்தோம். விடிகாலையில் சீபோர்ட்-ஏர்போர்ட் சாலையிலும் இன்ஃபோபார்க் எக்ஸ்பிரஸ்வேயிலும் ஓடுகிற கூட்டம் சுத்தமாகக் காணாமல் போனது. போனதே நல்லது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறார்; வேகமாக ஓடும்போது அது நூறு லிட்டரைத் தாண்டும். அதுவும் வாய் வழியாக, மூக்கின் வடிகட்டல் இல்லாமல். அந்தப் புகையில் முகக்கவசம் மாட்டிக்கொண்டு ஓடிய ஓரிருவரையும் பார்த்தேன். அதை வீரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்த வாரம் அந்த நாட்களை எடுத்துக்கொள்ளக் காரணம், அதில் ஒரு கணக்கு கச்சிதமாக அமைந்திருக்கிறது. ஃபெடரல் வங்கியின் முதல் கொச்சி மாரத்தான் அந்த ஆண்டு மே 1ஆம் தேதி. தீ அணைந்த நாளிலிருந்து எண்ணினால் சரியாக ஏழு வாரம். பன்னிரண்டு நாள் ஓட்டமே இல்லை, கையில் ஏழு வாரம் இருக்கிறது, என்ன செய்வது? டைஃபாய்டு வந்து படுத்தவரும், வீட்டில் கல்யாணம் வைத்தவரும், புராஜெக்ட் ரிலீஸில் மாட்டியவரும் கேட்கிற கேள்வியும் இதுதான்.

முதலில், பன்னிரண்டு நாளில் உண்மையில் என்ன போகிறது? எட்வர்ட் காயில் குழு 1984இல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் கடும் பயிற்சியில் இருந்த ஏழு பேரை 84 நாள் பயிற்சியே செய்யாமல் இருக்கச் சொல்லி அளந்தார்கள். உடல் அதிகபட்சமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன், அதாவது விஓ2 மேக்ஸ், முதல் மூன்று வாரத்தில் 7 சதவீதம் குறைந்தது. எட்டு வாரத்தில் 16 சதவீதம். அதற்குமேல் இறங்கவில்லை. நமக்கு வேண்டிய விவரம் இதற்குள் ஒளிந்திருக்கிறது: பன்னிரண்டாம் நாளிலேயே இதயம் ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் ரத்தத்தின் அளவு பத்து சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. காரணம் இதயம் பலவீனமானது என்பதைவிட, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வற்றியது என்பதே. தசைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களோ மூன்று மாதம் சும்மா இருந்தும் அப்படியே இருந்தன.

ஆக, மார்ச் 14ஆம் தேதி காலை சிவில் ஸ்டேஷன் மேட்டில் மூச்சு வாங்கியவருக்கு நெஞ்சு கெட்டுவிடவில்லை. தண்ணி குறைந்திருந்தது, அவ்வளவுதான். பிளாஸ்மா போன வேகத்திலேயே திரும்பும். ஒன்றிரண்டு வாரம் மெல்ல ஓடினால் போதும். கொச்சியின் புழுக்கமே அதற்கு உதவியும் செய்யும். வெப்பத்தில் பத்துப் பதினாலு நாள் தொடர்ந்து வேர்க்கவிட்டால் உடல் பிளாஸ்மாவைக் கூட்டிக்கொள்கிறது, வேர்வையைச் சீக்கிரமே விடத் தொடங்குகிறது.

நாற்பது தாண்டியவர்கள் ‘எங்களுக்கெல்லாம் இது பொருந்துமா’ என்று கேட்கலாம். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்காமல் படுக்க வைத்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைக் கூப்பிட்டு அளந்தால், முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே அதிகம் என்று தெரிந்தது. ஐம்பதை எட்டியிருந்த அவர்கள் ஆறு மாதம் பயிற்சி செய்து, இருபது வயதில் இருந்த ஆக்சிஜன் அளவையே மீட்டார்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மூச்சு இரண்டு வாரத்தில் திரும்பிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் அந்த அவசரம் கிடையாது. ஓட்டத்தின் அதிர்ச்சி மறுபடி விழத் தொடங்கியதும் எலும்பு முதலில் தன் பழைய பகுதிகளைக் கரைக்கிறது. கரைப்பதற்கு மூன்று நான்கு வாரம். அந்த இடத்தில் புதிதாகக் கட்டி முடிக்க மாதக்கணக்கு ஆகும். நடுவில் கொஞ்ச நாள் முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்பு கொத்தனார் பாதி இடித்துப் போட்ட சுவர் மாதிரி நிற்கும். சரியாக அதே வாரங்களில்தான் மூச்சு நன்றாக வரும், உற்சாகம் பொங்கும், கைக்கடிகாரத்தில் பழைய பேஸ் தெரியத் தொடங்கும். பன்னிரண்டு நாள் இடைவெளிக்கு இந்த ஆபத்து குறைவு. இரண்டு மூன்று மாதம் நின்றவர்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டுகிறார்கள். முன்னெலும்பில் ஒரே புள்ளியில், விரல் வைத்து அழுத்தினால் சுரீரென்று வலிக்கிறதா? ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். பரவலாக வலிப்பது வேறு, ஒரு புள்ளியில் வலிப்பது வேறு.

இதற்குக் காப்பாக எல்லோரும் ஒப்பிக்கும் மந்திரம் பத்து சதவீத விதி. வாரத்துக்கு வாரம் தூரத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்பது. நெதர்லாந்தின் குரோனிங்கனில் ஐந்நூற்றுச் சொச்சம் புது ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த விதியை ஒட்டிய நிதானமான திட்டத்தையும் மறுபாதிக்கு வழக்கமான திட்டத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஐந்தில் ஒருவர் அடிபட்டார். விதியைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லவில்லை; அதைக் கடைப்பிடித்ததாலேயே பத்திரம் என்று நம்ப வேண்டாம் என்கிறேன்.

நான் நம்புவது பேச்சை. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அரை மணி நேரம், பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். தனியாக ஓடினாலும் ஆள் கிடைக்கும். சிட்டேத்துகரா பக்கம் சாயாக்கடைச் சேட்டன் அந்த மார்ச்சில், “என்தா அண்ணாச்சி, ஓட்டம் நிர்த்தியோ?” என்று கேட்டார். “இல்ல சேட்டா, பைய ஓடுறேன்” என்று ஓடிக்கொண்டே, நடுவில் மூச்சு முட்டாமல் சொல்ல முடிந்தது. அன்றைக்கு அந்த வேகம்தான் சரியான வேகம். கடிகாரம் காட்டிய எண் முன்பைவிடக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் போல அதிகம். மார்ச், ஏப்ரல் கொச்சியில் அந்த எண்ணுக்கு எப்படியும் மதிப்பில்லை. விடிகாலை வெயில் இல்லையே என்று நினைக்கிறோம். காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். வேர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. ஆவியாகாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. கால் வழியாக இறங்கி ஷூவுக்குள் தேங்கிச் சளக் சளக்கென்று சத்தம் போடும். வீட்டுக்கு வந்ததும் உள்ளட்டையை உருவிவிட்டுப் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால்தான் மறுநாளுக்குக் காயும்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் லாங் ரன். காக்கநாடு செம்பாறை மேடு. எந்தப் பக்கம் ஓடினாலும் ஏற்றம் இறக்கம். அதனால் சில ஞாயிறுகளில் மட்டாஞ்சேரி பக்கம் போவது நல்லது. அங்கே தோப்பும்படிப் பாலத்தைத் தவிர ஏற்றம் என்று ஒன்றும் இல்லை. ஜூ டவுனின் மிளகு, சுக்கு வாசனை ஊடே, 1568இல் கட்டிய யூதக் கோயிலைத் தாண்டி, ஃபோர்ட் கொச்சி வெளி மைதானம் பக்கம் போனால் தோபிகானா. தலைமுறைகளாக அங்கே வெளுக்கிறவர்கள் தமிழ் வண்ணார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கொச்சியில் தமிழ் கேட்டபடி ஓட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. 21 கிலோமீட்டர் பந்தயம் என்றால் லாங் ரன்னை 17, 18 வரை கூட்டி, பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். அதற்கப்புறம் கூட்டுகிற தூரம் பந்தய நாளில் உதவுவதற்குள் பந்தயம் முடிந்துவிடும்.

ஓடும்போது தண்ணீர் என்ற பேச்சு வந்தால் ‘குடி, குடி’ என்பார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவு தாழ்ந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியது அதற்கு முக்கியக் காரணம். தாகத்துக்குக் குடித்தால் போதும். ஓடி முடித்ததும் கேரளத்தில் இருக்கவே இருக்கிறது உப்புப் போட்ட கஞ்சி வெள்ளம், இல்லாவிட்டால் இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்ட மோர், அதாவது சம்பாரம்.

பழைய நேரத்தை என்ன செய்வது என்பதற்கு வயநாட்டுக்காரர் கோபி தோணக்கலைப் பாருங்கள். 2016 மும்பை மாரத்தானுக்கு அவர் வந்ததே இன்னொரு ஓட்டக்காரருக்கு வேகம் பிடித்துக் கொடுக்க. தனக்கென்று இலக்கு நேரம் இல்லாமல் ஓடியவர், 2 மணி 16 நிமிடம் 15 விநாடியில் முடித்து ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். 2017இல் ஆசிய மாரத்தான் தங்கம். 2019இல் சியோலில் 2:13:39. பிறகு கொரோனா முடக்கம். 2024 பிப்ரவரியில், 35 வயதில், டெல்லி மாரத்தானை வென்றபோது அவர் நேரம் 2:14:40. சியோலைவிட ஒரு நிமிடம் அதிகம். ஆனால் அன்றைக்கு முதலில் வந்தவர் அவர்தான்.

2023 மே 1 அன்று கொச்சியில் ஓடியவர்களில் எத்தனை பேர் பழைய நேரத்தைத் தொட்டார்கள் என்று யாரும் கணக்கு எடுத்திருக்க மாட்டார்கள். கொச்சியில் மே மாதத்தில் மாரத்தான் வைப்பதே என்னைக் கேட்டால் தப்பு. அடுத்த ஆண்டு பந்தயத்தைப் பிப்ரவரி 11ஆம் தேதிக்கு மாற்றிவிட்டார்கள். அப்படியானால் பயிற்சி தொடங்க வேண்டியது துலாவர்ஷம், அதாவது வடகிழக்குப் பருவமழை, கொட்டுகிற நாட்களில்.

அடுத்த வாரம்: மழையில் ஓடுவது

(தொடரும்)