பார்த்தவருக்குக் கூலி, கொடுத்தவருக்கு வரி

களியக்காவிளையைத் தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிராமங்களுக்குச் சரக்கு கொண்டுபோகும் வியாபாரிக்கு லாரி வாடகை, டீசல், இறக்குகூலி எல்லாமே தொழில் செலவு. லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்.

சிக்கல் நோக்குகூலியில்தான். சொந்த ஆட்களே சரக்கை இறக்கினாலும், பார்த்துக்கொண்டு நிற்கும் சுமைதூக்கும் தொழிலாளர்கள் கேட்கும் பணம் இது. 2018 மே 1 முதல் கேரள அரசு இதைத் தடை செய்துவிட்டது.

சட்டம் தடுத்த காரியத்துக்கான செலவைக் கழிக்க முடியாது என்று 1998இல் வருமான வரிச் சட்டத்தில் விளக்கம் சேர்க்கப்பட்டது. லஞ்சத்தோடு, மிரட்டிப் பறிக்கப்படும் பணமும் இதில் அடங்கும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் அதே ஆண்டு சொன்னது.

ஆக, 30 சதவீத வரி கட்டும் வியாபாரி பயந்துபோய் 1,000 ரூபாய் கொடுத்தால், அதற்கு 300 ரூபாய் வரியும் கட்ட வேண்டும். லஞ்சம் கொடுத்துச் சாதித்தவரும் மிரட்டலுக்குப் பணிந்தவரும் வரிக் கணக்கில் ஒன்றுதான்.