கற்றது கைவிடாது

"படித்தது ஒன்று, பார்க்கும் வேலை வேறொன்று" என வருந்தும் இளைஞர் நம்மிடையே பலர். மட்டக்களப்புத் தமிழகத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளின் வாழ்வை அவர்கள் சற்று நோக்குதல் நன்று.

மயில்வாகனன் என்ற இயற்பெயருடன் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் அவர். 1920இல் லண்டன் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார், 1924இல் துறவியானார். பின்பு பாடசாலைகளை நடத்தினார்; 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவியும் அவரை வந்தடைந்தது.

இத்தனை மாற்றங்களில் முன்பு கற்ற விஞ்ஞானம் வீணாயிற்றா? இல்லை. பழந்தமிழரின் யாழை ஆராய்ந்தபோது, நரம்புகளின் அளவையும் சுருதிகளையும் கணித்தறியத் துணைநின்றவை கணிதமும் பௌதிகமுமே. பல்லாண்டு உழைப்பின் பயனாக 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது.

தொழில் மாற எண்ணும் இளைஞர்களே! இதுவரை கற்றவற்றை ஓர் ஏட்டில் எழுதுங்கள். புதிய தொழிலுக்கு வேண்டிய தகைமைகளை எதிரே குறியுங்கள். குறைவதை எத்தனை மாதங்களில் கற்பது என நாள் வகுத்துக்கொள்ளுங்கள். அதுவரை கையிலுள்ள வேலையை விடற்க.

பெற்றோரே! "படித்த ஆண்டுகள் பாழாயின" என்று பிள்ளைகளைக் கடிய வேண்டா. வேலை மாறும், கற்றது உடன்வரும்.