வயல் எலியைத் தின்னும் நாய்

நெல் அறுவடையானபின் வரப்புகளிலுள்ள வளைகளை வெட்டி எலி பிடிப்பது நம் குடியானவர்களின் வழக்கம். அவ்வேலையில் நாய் பெருந்துணை புரிகின்றது. வெளியே பாயும் எலியை அது கவ்விக் கொல்வதோடு, சில சமயங்களில் தின்றும் விடுகின்றது. பெரும்பாலும் இதனால் நாய்க்குக் கெடுதி நேரிடுவதில்லை. ஆனால் அவ்வெலி பாஷாணம் தின்றதாகவோ நோய்க்கிருமிகளை உடையதாகவோ இருப்பின், நாய்க்கு உயிர்ச்சேதமும் வீட்டாருக்குத் தீங்கும் உண்டாகலாம்.

முதலாவது, விஷம். எலிகளை ஒழிக்க இக்காலத்தில் வழங்கும் மருந்துகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று ஜிங்க் பாஸ்பைடு என்னும் கரிய தூள். இதில் 1 பங்கை 49 பங்கு இரையுடன் கலந்து வைப்பார்கள். இது வயிற்றிலுள்ள அமிலத்துடன் சேர்ந்து பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவை உண்டாக்குகின்றது. செத்த எலியின் இரைப்பையில் எஞ்சியுள்ள தூள், அதைத் தின்னும் நாயையும் தாக்கக்கூடும். சில மணி நேரத்திற்குள் வாந்தி, மூச்சுத்திணறல், வலிப்பு ஆகியவை காணும். இதற்கு மாற்றுமருந்து கிடையாது. பாலோ சோறோ கொடுத்தால் அமிலம் அதிகரித்து வாயு மிகும், ஆகையால் கொடுக்கலாகாது. வாந்தியிலிருந்து கிளம்பும் வாயு அருகிலிருப்போருக்கும் கெடுதியாதலின், நாயைக் காற்றோட்டமான இடத்தில் வைக்கவேண்டும்.

மற்றொன்று புரோமாடையலோன். இது இரத்தம் உறைவதைத் தடுக்கும் விஷம். எலியின் ஈரலில் தங்கி, அதைத் தின்ற நாயின் உடலிற் சேருகின்றது. 3 முதல் 5 நாள் வரை நாய் சுகமாகவே தோன்றும். பின்னர் ஈறில் இரத்தம் கசிதல், மலம் கறுத்துப்போதல், சோர்வு முதலியன தோன்றும். வைட்டமின் கே1 என்னும் மருந்தைக் கால்நடை வைத்தியர் சொற்படி சில வாரங்கள் கொடுத்தால் பிழைக்கச் செய்யலாம்.

இரண்டாவது, எலிக்காய்ச்சல். மனிதரிடம் காணும் இதன் கடுமையான வகையை 1886-ல் ஜெர்மன் வைத்தியர் அடால்ப் வைல் விவரித்தார். இக்கிருமி எலியின் சிறுநீரகத்தில் வாழ்ந்து மூத்திரத்தோடு வெளிப்படுகின்றது. எலிக்கோ யாதொரு நோவும் தெரிவதில்லை. நாய்க்குத் தொற்றினால் காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளித்தல் ஆகியவை காணலாம். அந்நாயின் மூத்திரத்திலும் கிருமி வெளிப்பட்டு, சேற்றில் இறங்குவோரின் கால் வெடிப்பு வழியாக உட்புகக்கூடும். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது இருதரத்தார்க்கும் காவலாகும்.

மூன்றாவது, உருண்டைப்புழு. எலியின் சதையிலுள்ள இளம்புழு நாயின் குடலில் வளர்ந்து முட்டையிடும். அம்முட்டைகள் கலந்த மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்குக் கண்ணிலும் ஈரலிலும் கோளாறு உண்டாகலாம். நாய்க்கு 3 மாதத்திற்கு ஒருமுறை பூச்சிமருந்து கொடுப்பது நலம்.

ஆகவே குடியானவர்கள் கவனிக்கவேண்டியவை:

1. விஷ இரையை வளைக்குள் வைத்து வாயை மூடவேண்டும். செத்த எலிகளைத் தினமும் பொறுக்கி, வெறுங்கையால் தொடாது, ஆழப் புதைக்கவேண்டும்.

2. புரோமாடையலோன் தின்ற எலிகள் பல நாள்வரை செத்துக்கொண்டிருக்குமாதலால், 2 வாரமாவது நாயைக் கட்டிவைக்கவேண்டும்.

3. நாய் விஷ எலியைத் தின்றதாக ஐயமுற்றால், குறிகள் தோன்றுமுன்பே மருந்துப் பொட்டலத்துடன் கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டும். உப்புக் கரைத்து ஊற்றுவது ஆபத்து.

4. வயல்வேலை செய்வோருக்குக் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், எலி, நாய், சேறு ஆகியவற்றோடு பழகியதை டாக்டரிடம் தெரிவிப்பது அவசியம்.

எலியை ஒழிப்பது பயிருக்கு நன்மையே. அம்முயற்சியில் வீட்டைக் காக்கும் பிராணியை இழவாதிருக்க இச்சிறு ஜாக்கிரதைகள் போதுமானவை.